‘வரலாம்’ எங்கிருந்து வந்தது?

‘சாயங்காலம் மழை வரலாம்.’ ‘நீங்கள் உள்ளே வரலாம்.’ ‘அந்த ஊருக்கு ரயிலிலும் வரலாம்.’ மூன்று வாக்கியத்திலும் ஒரே ‘வரலாம்’தான். ஆனால் மழைக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை. வாசலில் நிற்பவரிடம் ‘உள்ளே வரலாம்’ என்கிறவர் எதையும் ஊகிக்கவில்லை. ரயில் வாக்கியத்தில் ஊகமும் இல்லை, அனுமதியும் இல்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்ற தகவல், அவ்வளவுதான். கேட்கிறவர் இந்த மூன்றையும் கொஞ்சமும் தடுமாறாமல் பிரித்துப் புரிந்துகொள்கிறார்.

நடந்ததைச் சொல்வது எளிது. ‘மழை வந்தது’ என்றால் வந்தது. நடக்காததை, நடந்ததா என்று தெரியாததை, நடப்பதற்குத் தடை இல்லாததைச் சொல்லத்தான் மொழிக்குத் தனியாக ஏதோ தேவைப்படுகிறது. மொழியியலில் இந்தப் பகுதியை வினைநோக்கு என்பார்கள். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: ‘லாம்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சாத்தியம் எதை நம்பி நிற்கிறது? ஆளின் பலத்தையோ திறமையையோ நம்பி நின்றால் அது இயலுமை. சூழ்நிலையை நம்பி நின்றால் வாய்ப்பு. இன்னொருவருடைய அதிகாரத்தையோ ஒரு விதியையோ நம்பி நின்றால் அனுமதி. பேசுகிறவரின் அரைகுறை அறிவை நம்பி நின்றால் ஊகம். மழை வரலாம் என்பதில் இருக்கும் ‘லாம்’ மழையைப் பற்றியதைவிட நம்முடைய அறிவைப் பற்றியதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். மரத்தைக் காட்டலாம், ஓடுவதைக் காட்டலாம். சாத்தியத்தை எப்படிக் காட்டுவது? கைநீட்டிக் காட்ட முடியாத ஒன்றுக்குச் சொல் எங்கிருந்து வரும்? வேறு வேலை செய்துகொண்டிருந்த சொல்லை இழுத்து வந்து இந்த வேலையில் போட வேண்டியதுதான். மொழிகள் அதைத்தான் செய்திருக்கின்றன. எந்தச் சொல்லை இழுத்து வந்தன என்பதில்தான் சுவை இருக்கிறது.

முடிவதும் கூடுவதும்

முதலில் ‘வரலாம்’. வரல் என்பது தொழிற்பெயர், வருதல் என்பதைப் போல. அதோடு ஆம். இந்த ‘ஆம்’ ஆகும் என்பதன் சுருக்கம். ஆக, வரலாம் என்றால் ‘வருவது ஆகும்’, அதாவது வருகை என்பது ஆகக்கூடிய காரியம். ஒரு கேள்விக்குப் பதிலாக ‘ஆம்’ என்கிறோமே, அதுவும் இந்த ஆகும்தான். ‘அவர் ஊருக்குப் போய்விட்டாராம்’ என்று பிறர் சொன்னதைச் சொல்லும்போது ஒட்டிக்கொள்ளும் ‘ஆம்’ கூட இதே குடும்பம். உறுதி, ஊகம், கேள்விப்பட்டது என்று மூன்றுக்கும் ஒரே வேரில் இருந்து சொல் எடுத்துக்கொண்டு நாம் குழப்பமில்லாமல் காலம் தள்ளுகிறோம்.

அடுத்து, முடியும். ‘வேலை முடிந்தது’ என்பதில் முடி என்பது தீர்ந்துபோவது, கடைசிக்கு வருவது. ‘வேலை செய்ய முடிந்தது’ என்பதில் அதுவே இயலுமை. ஒரு காரியம் கடைசிவரை போய்ச் சேரும் என்றால் அது நம்மால் ஆகிற காரியம் என்ற கணக்கு. மலையாளத்திலும் இதே கணக்குதான், சொல் மட்டும் வேறு: அங்கே ‘கழியும்’. தீர்வது, கடந்துபோவது என்ற பொருளுள்ள சொல் அங்கே ‘முடியும்’ ஆகிவிட்டது. சாத்தியம் என்ற சொல்லையே பாருங்கள். வடமொழியில் அது சாதிப்பது, நிறைவேற்றுவது என்ற வேரில் இருந்து வருகிறது. சாதனைக்கும் சாத்தியத்துக்கும் ஒரே தாய்.

‘கூடும்’ இதைவிட எனக்குப் பிடித்த சொல். கூடுதல் என்றால் சேர்தல். ஒரு காரியத்துக்கு வேண்டியவை எல்லாம் ஒன்றுசேர்ந்தால் அது நடக்கும், ஆகவே ‘நடக்கக்கூடும்’. திருக்குறளில் ‘கூற்றம் குதித்தலும் கைகூடும்’ என்று வருகிறது. தவத்தின் ஆற்றல் பெற்றவர்களுக்கு எமனைக் கடப்பதுகூட ஆகும் என்கிறார் வள்ளுவர். ‘ஞாலம் கருதினும் கைகூடும்’ என்று இன்னொரு இடத்திலும் வருகிறது. அங்கே காலமும் இடமும் பார்த்துச் செய்தால் உலகமே கைக்கு வந்து சேரும். சேர்வதில் இருந்து சாத்தியம் பிறக்கும் அந்த நொடியை அந்தக் ‘கை’ நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது.

சேர்தலில் இருந்து சாத்தியம் என்பது தமிழின் தனிப்பட்ட யோசனை இல்லை. வடமொழியின் ‘சம்பவ’ என்பதில் ‘சம்’ என்றால் கூட, ‘பவ’ என்றால் உண்டாவது. இன்றைய இந்தியில் சம்பவ் என்றால் ‘நடக்கக்கூடியது’. தமிழில் அதே சொல் சம்பவம் ஆகி ‘நடந்து முடிந்தது’ என்று பொருள் தருகிறது. ஒரே சொல், ஒரு மொழியில் இன்னும் நடக்காதது, இன்னொன்றில் நடந்தேவிட்டது! போதாததற்கு, எண்ணிப் பார்க்க முடியாதது என்ற பொருளில் கிளம்பிய அசம்பாவிதம் நம் செய்திகளில் கெட்ட சம்பவம் ஆகிவிட்டது. ‘அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லை’ என்பதை எழுத்துப்படி பார்த்தால், நடக்கவே வாய்ப்பில்லாதது நடக்கவில்லை என்று ஆகிறது.

சீன மொழியில் ‘ஹுய்’ என்றொரு சொல். அதன் பழைய பொருள் சந்திப்பது, ஒன்றுகூடுவது; கூட்டம் என்ற பொருளில் இன்றும் உண்டு. அதே சொல்தான் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதற்கும் ‘நாளை மழை பெய்யும்’ என்ற கணிப்புக்கும் பயன்படுகிறது. தமிழுக்கும் சீனத்துக்கும் எந்த உறவும் கிடையாது. இருந்தும் கூட்டத்தில் இருந்து ‘கூடும்’ இரண்டு இடத்திலும் முளைத்திருக்கிறது.

பழந்தமிழில் இன்னும் ஒன்று இருந்தது: ஒல்லும். ‘ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே’ என்ற குறளில் ‘இயன்ற வழியில் எல்லாம்’ என்று பொருள். இன்று பேச்சில் அது இல்லை. சாத்தியச் சொற்களும் தேய்ந்து போகும், வேறு சொல் வந்து இடம் பிடிக்கும். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறிவு, பலம், வரவு

ஆங்கிலத்தின் ‘கேன்’ ஒரு காலத்தில் ‘அறிவேன்’ என்ற பொருளில் இருந்த சொல். நீந்தத் தெரிந்தவனுக்கு நீந்த முடியும். தெரிவதில் இருந்து முடிவதற்கு ஓர் எட்டுதான். ஆங்கிலத்தின் ‘நோ’ (அறிவது), ‘கேன்’, வடமொழி வழியாக நாம் வாங்கிய ஞானம் மூன்றும் ஒரே தொல்வேரில் இருந்து பிரிந்தவை. துருக்கி மொழியும் அறிவைத்தான் பிடித்தது. அங்கே ‘பில்’ என்றால் அறி. ‘கெல்’ என்றால் வா. இரண்டையும் ஒட்டி ‘கெலெபிலிர்’ என்றால் ‘வர முடியும்’, ‘வரலாம்’. வர அறிந்தவர் வரலாம், சரி. ஆனால் ‘மழை பெய்யலாம்’ என்பதற்கும் இதே ‘பில்’தான். மழைக்கு என்ன தெரியும்? அந்த இடத்துக்கு வரும்போது ‘பில்’லில் இருந்த அறிவு முழுக்க உதிர்ந்துபோய்விட்டது.

ஆங்கிலத்தின் ‘மே’ பலத்தில் இருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘வலிமை பெற்றிருக்கிறேன்’ என்ற பொருள். ‘மைட்’ என்றால் ஒரு பக்கம் வலிமை, இன்னொரு பக்கம் ‘ஒருவேளை இருக்கலாம்’. இரண்டும் தற்செயலாக ஒன்றுபோல ஒலிக்கவில்லை, ஒரே வேர். ரஷ்ய மொழியில் ‘என்னால் முடியும்’ என்பதற்கான ‘மகு’ இவற்றுக்கு உறவினர். இந்தியில் ‘சக்னா’ என்பது முடிவதைக் குறிக்கும் துணைவினை. அதன் வேரில் இருந்து வந்ததுதான் சக்தி. லத்தீனைப் பார்த்தால் பலத்தையும் தாண்டி அதிகாரத்துக்கே போய்விட்டார்கள். ஆங்கிலத்தில் ‘பாசிபிள்’ என்று சொல்கிறோமே, அதன் உள்ளே இருப்பது ‘போத்திஸ்’ என்ற சொல். அது நம் சேனாதிபதியில் இருக்கும் பதிக்கு, அதாவது தலைவனுக்கு, உறவு.

தெலுங்கு இந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. அங்கே வச்சு என்றால் வருவது. ‘செய்யவச்சு’ என்றால் செய்யலாம். தமிழில் ‘அவளுக்குப் பாட வரும்’, ‘எனக்குக் கோபப்பட வராது’ என்கிறோம் இல்லையா, அதே வழிதான். தெலுங்கு அதை எல்லா இடத்துக்கும் விரித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியின் ‘தெகிரு’ முதலில் ‘வெளியே வருவது’. இன்று ‘முடியும்’. தென்கிழக்கு ஆசியாவில் பல மொழிகள் பெறுவதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தாய்லாந்தின் ‘தாய்’ மொழியிலும், வியட்நாமிய மொழியிலும், கம்போடியாவின் கெமரிலும் கிடைப்பது, பெறுவது என்ற வினையை இன்னொரு வினையோடு சேர்த்தால் ‘முடியும்’. மூன்றும் ஒரே குடும்பம் இல்லை. பக்கத்தில் வாழ்ந்ததால் ஒன்றிடம் இருந்து ஒன்று பழகிக்கொண்ட வழக்கம் இது.

பலம் எப்படி ஊகம் ஆகிறது?

பலசாலிதான் பாறையைத் தூக்குவான். ஆகவே ‘தூக்கப் பலம் இருக்கிறது’ என்பது ‘தூக்க முடியும்’ என்றாகிறது. இது முதல் படி. கொஞ்ச காலத்தில், பலம் ஆளிடமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்துவிடுகிறது. ‘இந்த வழியாகப் போக முடியும்’ என்னும்போது போகிறவரின் பலம் பேச்சே இல்லை. வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. தடை இல்லை என்பதில் சட்டத் தடையும் சமூகத் தடையும் சேர்ந்துகொண்டால் அனுமதி பிறக்கிறது. தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை என்று பேசுகிறவர் தன்னையும் உள்ளே கொண்டுவந்தால் ஊகம் பிறக்கிறது.

மொழியியலாளர் ஜோன் பைபீயும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் பல குடும்பங்களைச் சேர்ந்த மொழிகளை ஒப்பிட்டு 1994-இல் வெளியிட்ட முடிவுகளில் இந்தப் பாதையை விரிவாகக் காட்டினார்கள். பொருள் ஆளில் இருந்து சூழலுக்கும், சூழலில் இருந்து பேசுகிறவரின் மனதுக்கும் நகர்கிறது. எதிர்த்திசையில், அதாவது ஊகச் சொல் தேய்ந்து பலத்தைக் குறிப்பது, பொதுவாக நடப்பதில்லை. ‘மே’ இந்தப் பாதையின் கடைசிவரை போய்விட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு அனுமதியும் ஊகமும்தான் மிச்சம். பழைய பலம் போயே போய்விட்டது. ஜெர்மனில் அதன் உறவுச்சொல் ‘மோகன்’ வேறு பக்கம் திரும்பி ‘பிடித்திருக்கிறது’ என்று ஆகிவிட்டது.

ஆங்கிலத்தின் ‘மஸ்ட்’ இன்னும் விசித்திரம். அதன் முன்னோருக்குப் பொருள் ‘அனுமதி உண்டு’. இன்று அது கட்டாயம். நமக்கும் இது புதிதல்ல. மேலதிகாரி ‘நீங்கள் போகலாம்’ என்று சொன்னால் அது அனுமதிதானா என்பதை அவருடைய குரல்தான் முடிவு செய்கிறது.

ஒருவேளை

வினையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் சொற்கள் இன்னொரு கூட்டம். நம் ஒருவேளை என்பது வெறும் ‘ஒரு சமயம்’. எப்போதாவது நடக்கும் என்றால் இப்போதும் நடக்கலாம் என்ற கணக்கு. வடமொழியின் ‘கதாசித்’ அப்படியே: எப்போதோ, ஆகவே ஒருவேளை. ஸ்பானியத்தின் ‘தால் வேஸ்’ என்பதிலும் வேஸ் என்றால் தடவை. மலையாளத்தின் ‘ஒருபக்ஷே’ காலத்தை விட்டுப் பக்கத்தைப் பிடித்தது. தமிழில் ‘வராத பட்சத்தில்’ என்பதில் இருக்கும் பட்சமும் அதுவே.

ஸ்பானியத்தில் இன்னொன்றும் உண்டு: ‘கிஸாஸ்’. அது ‘யாருக்குத் தெரியும்’ என்ற கேள்வி சுருங்கி ஒரு சொல்லாகிப்போனது. ஜப்பானியர்களின் ‘காமோ ஷிரெநாய்’ என்பதும் ‘அப்படியா என்பதை அறிய முடியாது’ என்ற முழு வாக்கியம். அடித்துச் சொல்லத் தெரியவில்லை என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் சொற்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

ஜெர்மனின் ‘ஃபீல்லைஷ்ட்’ பழைய வடிவில் ‘மிக எளிதாக’ என்று பொருள்பட்டது. மிக எளிதாக நடக்கும் என்று தொடங்கியது, நடந்தாலும் நடக்கலாம் என்று இறங்கிவிட்டது. கிரேக்கத்தின் ‘ஈசோஸ்’ சமமாக என்ற சொல்லில் இருந்து வந்தது. ஐசோடோப், ஐசோபார் என்று அறிவியலில் வரும் ஐசோ இதுதான். தராசு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஒருவேளை. ஆங்கிலத்தின் ‘பெர்ஹாப்ஸ்’ உள்ளே இருக்கும் ‘ஹாப்’ அதிர்ஷ்டம். ‘ஹேப்பி’ அதே வேர். பாரசீகத்தில் இருந்து இந்திக்கும் உருதுவுக்கும் வந்த ‘ஷாயத்’ முதலில் ‘தகும், பொருந்தும்’ என்று சொன்னது.

ஸ்வீடனின் ‘கான்ஷே’ என்பது ‘நடக்க முடியும்’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது. அதன் பிறப்பு இன்னும் அதை விடவில்லை. ஸ்வீடிய மொழியில் வாக்கியத்தின் இரண்டாவது இடம் வினைக்கு உரியது. கான்ஷே இன்று வினை இல்லை; இருந்தும் பல வாக்கியங்களில் அந்த வினையின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, உண்மையான வினை பின்னால் தள்ளி நிற்கிறது.

‘லாம்’ என்பதன் எதிர்மறை என்ன?

முதல் பத்தியின் மூன்று வாக்கியங்களையும் இப்போது எதிர்மறை ஆக்கிப் பாருங்கள். ரயிலில் வர முடியாது. உள்ளே வரக்கூடாது. மழை வராமல் இருக்கலாம். உடன்பாட்டில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தவை, இல்லை என்றதும் மூன்று திசையில் பிரிந்துவிட்டன. வரலாகாது என்றொரு நேரடி எதிர்மறை எழுத்துத் தமிழில் உண்டு. அதுவும் தடையைத்தான் சொல்கிறது, மழைக்கு உதவாது. தமிழ் கற்கும் வேற்றுமொழிக்காரர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்.

கூடும், கூடாது என்ற இணையும் சமமில்லை. கூடும் என்றால் நடக்க வாய்ப்பு உண்டு. கூடாது என்றால் வாய்ப்பு இல்லை என்று அர்த்தமில்லை. செய்யாதே என்று அர்த்தம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கூடது’ இதே தடைக்குத்தான் வருகிறது. தடை விதிப்பதற்கு நடக்காது என்று சொல்வதே போதும் என்று நினைத்தார்கள்போல. பெரியவர்கள் குழந்தையிடம் ‘அதெல்லாம் நடக்காது’ என்று சொல்வது தகவலா, தடையா?

மூன்றாவது எதிர்மறையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ‘வர முடியாது’ என்பதில் இல்லை என்ற சொல் சாத்தியத்தின் மேல் விழுகிறது. ‘வராமல் இருக்கலாம்’ என்பதில் அது வருவதன் மேல் விழுகிறது, சாத்தியம் தப்பித்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அரிஸ்டாட்டிலே எடுத்து விவாதித்திருக்கிறார்: வரலாம் என்பதற்கு நேர்மறுப்பு வராமல் இருக்கலாம் என்பது அல்ல, ஏனென்றால் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் முரணில்லாமல் சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் ‘மே நாட்’ என்றால் சூழலைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். துருக்கி மொழி இதில் கறார். ‘கெல்மெயெபிலிர்’ என்றால் வராமல் இருக்கலாம். ‘கெலெமெஸ்’ என்றால் வர முடியாது. இந்த வடிவத்துக்குள் அறிவைக் குறிக்கும் ‘பில்’ இல்லை, வழக்கொழிந்த வேறொரு பழைய வினைதான் அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

எல்லா மொழியும் ஒரே மாதிரி பங்கு போடுவதில்லை என்பதற்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பேசப்படும் லிலவெட் மொழி நல்ல சாட்சி. நாம் ‘லாம்’ என்ற ஒன்றில் அனுமதியையும் ஊகத்தையும் கலக்கிறோம். ஆனால் ‘வரலாம்’, ‘வந்தே ஆக வேண்டும்’ என்று வலுவைத் தனித்தனியாகப் பிரிக்கிறோம். அந்த மொழி தலைகீழ். ஊகத்துக்கு ஒன்று, அனுமதிக்கு இன்னொன்று என்று வகையைக் கறாராகப் பிரிக்கிறது. ஊகம் லேசானதா உறுதியானதா என்பதைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது.

சில மொழிகளில் சாத்தியத்துக்குத் தனிச்சொல்லே வேண்டாம், வினையின் வடிவமே போதும். வடமொழியில் ‘இரு’ என்ற வினையின் அப்படிப்பட்ட ஒரு வடிவம் ‘சியாத்’: இருக்கலாம். சமணர்கள் இந்த ஒற்றைச் சொல்லின் மேல் ஒரு தத்துவத்தையே கட்டினார்கள். சியாத்வாதம் என்று பெயர். எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும் ‘ஒரு கோணத்தில் இருக்கிறது’, ‘ஒரு கோணத்தில் இல்லை’ என்று தொடங்கி ஏழு வகையாகச் சொல்லலாம் என்பார்கள். அவர்களுடைய சியாத் சந்தேகம் அல்ல. எந்தக் கோணத்தில் இருந்து பேசுகிறோம் என்ற எச்சரிக்கை.

தேய்மானம்

உறுதிச் சொற்கள் நாளடைவில் ஊகச் சொற்களாகத் தளர்வது வழக்கம். ரஷ்ய மொழியின் ‘நவேர்னயே’ நம்பிக்கையைக் குறிக்கும் வேரில் பிறந்தது. முன்பு ‘நிச்சயமாக’ என்று பொருள். இன்று ‘அநேகமாக’. நிச்சயமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள்தானே.

தமிழில் இப்போது நம் கண்ணெதிரே மாறிக்கொண்டிருப்பது ‘வாய்ப்பு’. வாய்த்தல் என்றால் நல்லபடியாக அமைவது. ‘நல்ல வாய்ப்பு’ என்று சொல்ல வேண்டிய தேவையே ஒரு காலத்தில் இருந்திருக்காது. இன்று செய்திகளில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்பதோடு ‘விபத்து ஏற்பட வாய்ப்பு’ என்றும் வருகிறது. இது பிழை, அபாயம் என்றுதான் எழுத வேண்டும் என்று திருத்துகிறவர்கள் உண்டு. எனக்கும் ‘உயிரிழக்க வாய்ப்பு’ என்று படித்தால் உறுத்தும். ஆனாலும் இந்தச் சண்டையில் சொல்தான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பானியத்தில் ‘ஆ லோ மெஹோர்’ என்பதன் நேர்ப்பொருள் நல்லதைச் சார்ந்தது. இன்று கெட்டது நடக்கலாம் என்பதற்கும் அதையே தாராளமாகச் சொல்கிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் நாம் கடன் வாங்கிய ‘சான்ஸ்’. லத்தீனில் விழுவதைக் குறித்த சொல் அது. பகடை எப்படி விழுகிறது என்பதில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து நமக்கும் வந்தது. ‘அவன் வர சான்ஸே இல்லை’ என்றால் வரமாட்டான் என்று பொருள். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு ‘சான்ஸே இல்லை!’ என்றால், பிரமாதம் என்று பொருள்.